நாள் தள்ளிப்போனால் மாத்திரையையும் தள்ளிவைப்பதா?

“நாள் தள்ளிப்போச்சு டாக்டர், அதான் தைராய்டு மாத்திரையை நிறுத்திட்டேன்.”

கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் இதைக் கேட்காமல் நான் வீடு திரும்பியதே குறைவு. யார் சொன்னது என்று கேட்டால் மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோ. வயிற்றில் பிள்ளை இருந்தால் எந்த மாத்திரையும் ஆகாதாம்!

தைராக்சின் மாத்திரையில் இருப்பது உடம்பு தானே சுரக்கும் அதே ஹார்மோன். முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தச் சுரப்பு கிடையாது. அதன் மூளை வளர அம்மாவின் இரத்தத்தில் வருவதுதான் ஆதாரம். அது குறைந்தால் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் வரலாம். கர்ப்பம் உறுதியானதும் பலருக்கு அளவை 25 முதல் 30 சதவீதம் கூட்டவே வேண்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்தா நிறுத்துவது? பாதி மாத்திரை அப்படியே கிடக்கும் டப்பாவை மேசைமேல் வைத்து, எகிறிப்போன டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை) ரிப்போர்ட்டை நீட்டும் பெண்ணைத் திட்ட மனம் வருவதில்லை. சொல்லிக்கொடுத்தவர்களைத்தான் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றுகிறது.

வலிப்பு மாத்திரை விஷயம் இன்னும் கடுமையானது. வால்ப்ரோயேட் கெடுதல் செய்யும் என்பது உண்மை. அதை எடுத்துக்கொள்ளும் தாய்மாரின் குழந்தைகளில் சுமார் 10-ல் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. அதற்காகத் தாமாகவே சட்டென்று நிறுத்தினால், அடுக்கடுக்காக வலிப்பு வந்து இரண்டு உயிருக்கும் ஆபத்து. நரம்பியல் மருத்துவரைப் பார்த்து லாமோட்ரிஜின், லெவெடிரசிட்டாம் போன்றவற்றுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். கருத்தரிக்கும் முன்பே கேட்பது நல்லது. இரத்த அழுத்தத்துக்கும் அப்படித்தான். எனாலப்ரில், டெல்மிசார்ட்டான் கூடாது. பதிலுக்கு லேபெட்டலால் தருவோம். மாற்றுவது வேறு, நிறுத்துவது வேறு.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்தை மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அதன் பிறகுதான் மருந்துச் சோதனை விதிகள் இறுகின. தைராக்சினோ பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து.

மற்றவை. இரும்புச்சத்து மாத்திரையால் குழந்தை கறுக்காது. கறுப்பது மலம் மட்டுமே. நாட்டில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. விழுங்குங்கள், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட்டு. குங்குமப்பூ நிறம் தராது. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது. காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். பாராசிட்டமால் போடலாம், டைக்ளோஃபெனாக் ஊசி கேட்காதீர்கள், அன்றே வந்து காட்டுங்கள்.

மருந்துக்கடைக்காரர்களிடமும் ஒரு கோரிக்கை. அட்டையை வெட்டி, பெயரில்லாத துண்டாக நான்கு மாத்திரை கொடுக்காதீர்கள். “வெள்ளையா, சின்னதா இருக்கும் டாக்டர்” என்று சொன்னால் நான் என்ன கண்டுபிடிப்பது?

தினமும் மாத்திரை சாப்பிடும் பெண்களே, நாள் தள்ளிப்போனால் எதையும் நிறுத்தாதீர்கள். அட்டை, டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அந்த வாரமே மருத்துவரிடம் எடுத்து வாருங்கள்.