எல்லைக் கண்காணிப்பில் துணைக்கோள்கள்

தேசப்படத்தில் எல்லை என்பது ஒரு மெல்லிய கோடு. தரையிலோ அது மலை, பாலைவனம், சதுப்பு நிலம், ஆறு ஆகியவற்றின் ஊடே செல்கின்றது. இந்தியாவின் நிலவெல்லை ஏறத்தாழ 15,100 கிலோமீட்டர் நீளமுடையது. இதனைக் காப்பதில் செயற்கைத் துணைக்கோள்கள் எவ்வாறு உதவுகின்றன, அவற்றால் இயலாதது யாது என்பதை ஓர் உதாரணத்தால் அறியலாம்.

அஸ்ஸாம் மாநிலத்துத் துப்ரி மாவட்டத்தில் பிரம்மபுத்திரா நதி வங்காள தேசத்தினுள் நுழைகின்றது. ஆண்டுதோறும் பெருகும் வெள்ளம் கரைகளை அரித்து, மணல் திட்டுகளைக் கரைத்து, புதியனவற்றை எழுப்புகின்றது. அங்கே வேலி அமைக்க நிலையான தரை இல்லை. படத்திலுள்ள கோடு அசைவதில்லை. அதன் கீழுள்ள மண் அசைகின்றது.

2019 நவம்பர் 27 அன்று செலுத்தப்பட்ட கார்ட்டோசாட்-3, சுமார் 509 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 25 சென்டிமீட்டர் அளவுள்ள நுட்பங்களைப் படம் பிடிக்க வல்லது. ஆயினும் அதற்குச் சூரிய ஒளி வேண்டும். மேகம் மூடினால் தரை தெரியாது. நதி மிகுதியாக மாறுவதோ மழைக்காலத்திலேயாம்.

இக்குறையை ரேடார் துணைக்கோள் நீக்குகின்றது. 2022 பிப்ரவரி 14 அன்று செலுத்தப்பட்ட இ.ஓ.எஸ்-04 இவ்வகையினது. அது தானே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வருவனவற்றைப் பதிவு செய்கின்றது. அவ்வலைகள் மேகத்தை ஊடுருவுவன, இருளிலும் பயன்படுவன. அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடி போன்று அலைகளை அப்பால் திருப்பிவிடுதலால் படத்தில் கருமையாகத் தோன்றும். மரமும் வீடும் உள்ள நிலம் வெளிறித் தோன்றும். வெள்ளத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், எத்திட்டு மறைந்தது, எக்கரை பின்வாங்கியது என்பது புலனாகும்.

எனினும், இத்தகைய துணைக்கோள் ஓரிடத்தின் மேல் நிலைத்து நிற்பதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றிவரும் அது, ஓரிடத்தைக் கடக்கையில் சில நிமிடங்களே அதனைக் காண இயலும். நள்ளிரவில் ஆற்றைக் கடக்கும் படகு அதன் பார்வைக்குத் தப்பலாம். ஆதலின், துப்ரியில் 61 கிலோமீட்டர் எல்லைக்கு இரவுபகல் காமிராக்களும் ஊடுருவலை உணர்த்தும் கருவிகளும் கொண்ட திட்டம் 2019 மார்ச்சில் தொடங்கப்பட்டது.

துணைக்கோள் நாட்கணக்கில் நிகழும் மாறுதலை அறிவிக்கும். தரைக்கருவி அக்கணத்தில் நிகழ்வதை அறிவிக்கும். படகில் வருபவன் கடத்தல்காரனா, வெள்ளத்தில் திசை தப்பிய மீனவனா என்பதை இரண்டும் அறியா. அதனை அறிந்து முடிவு செய்யும் பொறுப்பு கரையில் நிற்கும் காவலருடையதேயாகும்.