189 டாலர் கேட்ட ஃப்ளாப்பி: உலகின் முதல் ரான்சம்வேர் சொல்லித்தரும் பணப் பாடம்



மொபைல்ல ஆன்டிவைரஸ் இருக்கு, அதனால அக்கவுன்ட்ல இருக்குற சம்பளப் பணம் பத்திரம்னு நினைக்கிறீங்களா? அப்போ 1989-ல நடந்த இந்தக் கதையை ஒருமுறை படிச்சிடுங்க. இன்டர்நெட் வீடுகளுக்கு வராத காலம். மோசடி தபால்ல வந்தது!

என்ன நடந்தது?

1989 டிசம்பர்ல சுமார் 20,000 ஃப்ளாப்பி டிஸ்க்குகள் பல நாடுகளுக்குத் தபாலில் போச்சு. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் புரோகிராம்னு லேபிள். கேள்விகளுக்குப் பதில் சொன்னா, உங்களுக்கு நோய் வரும் அபாயம் எவ்வளவுன்னு சொல்லும். எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த நேரம் என்பதால் நிறைய பேர் போட்டுப் பார்த்தாங்க.

புரோகிராம் நிஜமாவே வேலை செஞ்சது. ஆனா பின்னணியில, கம்ப்யூட்டர் எத்தனை தடவை ஆன் ஆகுதுன்னு எண்ணிக்கிட்டே இருந்தது. சுமார் 90 தடவை ஆனதும் ஃபைல் பெயர்களை எல்லாம் குழப்பி, ஃபோல்டர்களை மறைச்சிடுச்சு. ஸ்கிரீன்ல வந்தது ஒரு பில்: லைசென்ஸ் கட்டணம் 189 டாலர். ஹார்ட் டிஸ்க்கின் ஆயுள் முழுக்க வேணும்னா 378 டாலர். பணத்தை பனாமாவில் இருக்கும் ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பணும்!

பாடம் 1: கண்டிஷன்ஸ் படிங்க

ஃப்ளாப்பியோட வந்த தாளிலேயே எல்லாம் இருந்தது. பணம் கட்டலைன்னா உங்க மற்ற புரோகிராம்கள் பாதிக்கப்படும்னு எழுதியிருந்தாங்க. இன்னைக்கு லோன் ஆப்புக்கு கான்டாக்ட்ஸ், கேலரி பெர்மிஷனை யோசிக்காம 'அலோ' கொடுக்கிறதும் இதே கதைதான்.

பாடம் 2: பதற்றம்தான் பெரிய நஷ்டம்

அந்த புரோகிராம் ஃபைல் பெயர்களைத்தான் மாத்தியது, உள்ளே இருந்த டேட்டாவைத் தொடவே இல்லை. ஜிம் பேட்ஸ் என்ற பிரிட்டிஷ் நிபுணர் அதைப் பிரிச்சுப் பார்த்து, அதை நீக்கவும் ஃபைல்களை மீட்கவும் இரண்டு புரோகிராம் எழுதிட்டார். ஆனா அதுக்குள்ள பயந்துபோய் ஹார்ட் டிஸ்க்கையே அழிச்சவங்களுக்கு டேட்டா போனது போனதுதான்.

இதை அனுப்பியதா கைதானவர் ஜோசப் பாப், ஹார்வர்டில் படித்த உயிரியல் ஆராய்ச்சியாளர். மனநிலை சரியில்லைன்னு பிரிட்டன் நீதிமன்றத்தில் விசாரணையே நடக்கலை. குற்றவாளி பிடிபட்டாலும் இழந்தது தானா திரும்பி வராதுங்கிறதை மறக்காதீங்க.

பாடம் 3: சாஃப்ட்வேர் பின்னாடிதான் வரும்

முதல்ல தாக்குதல், அப்புறம்தான் மருந்து. அன்றைய ஆன்டிவைரஸ்கள் பெரும்பாலும் ஏற்கனவே தெரிஞ்ச வைரஸ்களின் அடையாளத்தை வச்சுத் தேடின. புதுசா வர்றதை அதனால பிடிக்க முடியலை. இன்றைய ஆன்டிவைரஸ் எவ்வளவோ முன்னேறிடுச்சு. ஆனாலும் நீங்களே ஓடிபி சொல்லிட்டா, நீங்களே யுபிஐ பின் போட்டுட்டா அது என்ன செய்யும்?

இன்னைக்கே செய்ய வேண்டியவை

1. வாட்ஸ்அப்ல டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகைன்னு வரும் ஏபிகே ஃபைலை இன்ஸ்டால் பண்ணாதீங்க.
2. வருமான வரி ரீஃபண்ட், போர்ட்டலில் நீங்க சரிபார்த்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ரீஃபண்ட் வாங்க லிங்க் அழுத்து, கார்டு நம்பர் கொடுன்னு கேட்டா அது மோசடி.
3. ஃபார்ம் 16, பாலிசி, முதலீட்டு ஆவணங்களுக்கு இன்னொரு காப்பி தனி ஹார்ட் டிஸ்க்ல வைங்க. வேலை முடிஞ்சதும் அதைக் கழட்டிடுங்க.
4. பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930-க்கு போன் பண்ணுங்க, பேங்க்குக்கும் சொல்லுங்க. சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

அன்னைக்கு ஃப்ளாப்பி, இன்னைக்கு லிங்க். இரண்டுமே நம்ம பயத்தையும் அவசரத்தையும் நம்பித்தான் வருது. உங்களுக்கு வந்த சந்தேகமான மெசேஜ் எதுன்னு கமென்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவில் அலசுவோம். முதல் சம்பளம் வாங்கின தம்பி தங்கைக்கு இதை ஃபார்வர்ட் பண்ணிடுங்க!