கருவி அளக்கும், மனிதர் முடிவுசெய்வர்

நுழையும்முன்

கைப்பேசியில் ஒரு படம் எடுக்க, திரையை விரலால் தொட்டாலே போதும். முகம் எங்கே உள்ளது, ஒளி எவ்வளவு தேவை என்பனவற்றை அதுவே கணித்துக்கொள்கிறது. படச்சுருள் இட்டுப் பயன்படுத்தும் கேமராவில் இவ்வேலைகள் படம் எடுப்பவருக்கு உரியவை. தாத்தா, பாட்டியின் இளமைக்காலப் படங்கள் பல இத்தகைய கேமராக்களில் எடுக்கப்பட்டவையே. அக்கேமராவைக் கையால் இயக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

திரும்ப வாராத நொடி

இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா. இவர் குஜராத்தின் நவ்சாரியில் 1913-ஆம் ஆண்டு பிறந்தார். 1942-இல் தில்லிக்கு வந்து பணியாற்றத் தொடங்கினார். 1947 ஆகஸ்ட் 16 அன்று தில்லிச் செங்கோட்டையில் மூவண்ணக் கொடி முதன்முறையாக ஏற்றப்பட்ட நிகழ்வை இவர் படமெடுத்தார். இவருக்கு 2011-இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

இவர் பயன்படுத்திய கேமராக்களுள் ஸ்பீடு கிராஃபிக், ரோலிபிளெக்ஸ் ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. ரோலிபிளெக்ஸ் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படங்களே எடுக்க இயலும். ஸ்பீடு கிராஃபிக்கிலோ ஒவ்வொரு படத்திற்கும் தனித்தனிப் பிலிம் தாளை மாற்ற வேண்டும். எடுத்த படம் சரியாக அமைந்ததா என்பதை, பிலிமை இருட்டறையில் கழுவிய பின்னரே அறிய முடியும். கொடி இரண்டாம் முறையும் முதன்முதலாக ஏறாது. ஆகவே, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தெளிவையும் ஒளியையும் சரியாக முடிவுசெய்வது இக்கலைஞர்களுக்கு இன்றியமையாததாக இருந்தது.

தெளிவைத் தேடுதல்

கேமராவின் முன்புறம் உள்ள லென்சைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதன்மீது 1, 2, 3, 5 என மீட்டர் அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். இறுதியில், மிகத் தொலைவைக் குறிக்கும் முடிவிலிக் குறி இருக்கும். வளையத்தைத் திருப்பினால் லென்ஸ் சிறிது முன்னும் பின்னும் நகர்கிறது. எந்தத் தொலைவில் உள்ள பொருளின் ஒளி, பிலிமின்மீது கூர்மையாக வந்து குவிகிறதோ அந்தப் பொருளே படத்தில் தெளிவாக அமையும். இதனைக் குவியப்படுத்துதல் என்பர்.

வளையம் சரியான இடத்தில் உள்ளதா என்பதைக் கண்ணே சொல்ல வேண்டும். பல கேமராக்களின் காட்சிச் சாளரத்தின் நடுவில் ஒரு சிறு வட்டம் இருக்கும். குவியம் தவறாக இருந்தால், அவ்வட்டத்தில் தெரியும் நேர்க்கோடு இரண்டு துண்டுகளாக விலகி நிற்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப அத்துண்டுகள் நெருங்கி வந்து, சரியான இடத்தில் ஒரே கோடாக இணையும். கதவின் விளிம்பு, சட்டையின் ஓரம் போன்ற நேர்க்கோடுகளைக் கொண்டு இதனை எளிதில் சோதிக்கலாம். மனிதரைப் படமெடுக்கும்போது கண்களில் குவியப்படுத்துவது வழக்கம். பார்ப்பவரின் பார்வை முதலில் செல்வது அங்கேதான்.

குழாயும் குடமும்

பிலிமின்மீது விழும் ஒளி குறைந்தால் படம் இருண்டுவிடும், மிகுந்தால் வெளிறிவிடும். ஒளியின் அளவை மூன்று காரணிகள் முடிவுசெய்கின்றன. குழாயடியில் குடம் நிரப்புவதை எண்ணிப் பார்த்தால் இவை எளிதில் விளங்கும்.

முதலாவது ஒளித்துளை. இது லென்சுக்குள் விரியவும் சுருங்கவும் கூடிய துளை. குழாயின் வாயைப் போன்றது. இதன் அளவை எஃப் 2, எஃப் 2.8, எஃப் 4, எஃப் 5.6, எஃப் 8, எஃப் 11, எஃப் 16 என்னும் எண்கள் குறிக்கும். எண் பெருகினால் துளை சிறுக்கும். லென்சின் குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துப் பெறுவதே இந்த எண்ணாகும். 50 மில்லிமீட்டர் லென்சில் எஃப் 2 எனில் துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர்; எஃப் 16 எனில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். இந்த வரிசையில் ஒரு படி ஏறினால் உள்ளே வரும் ஒளி பாதியாகக் குறையும்.

இரண்டாவது ஷட்டர். இது பிலிமின் முன் திறந்து மூடும் திரை. குழாய் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைப் போல, ஒளி எவ்வளவு நேரம் விழ வேண்டும் என்பதை இது முடிவுசெய்கிறது. இதன் திருகில் 60, 125, 250, 500 என்னும் எண்கள் இருக்கும். 125 என்பது 1/125 நொடியைக் குறிக்கும். இங்கும் ஒரு படி ஏறினால் ஒளி பாதியாகும்.

மூன்றாவது பிலிமின் ஒளியுணர்திறன். இது குடத்தின் அளவைப் போன்றது. ஐ.எஸ்.ஓ. 400 பிலிமுக்கு, ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்குத் தேவைப்படும் ஒளியில் கால் பங்கு போதும்; அது சிறிய குடம், விரைவில் நிரம்பும். சுருளை இட்டபின் இதனை இடையில் மாற்ற இயலாது. எனவே, படம் எடுப்பவரின் கையில் எஞ்சியிருப்பவை துளையும் ஷட்டருமே.

வெயில் விதி

ஒளியை அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு ஓர் எளிய விதி உதவியது. நல்ல வெயிலில் துளையை எஃப் 16-இல் வைத்து, பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு அருகிலுள்ள எண்ணை ஷட்டருக்கு வைக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 100 பிலிம் எனில், எஃப் 16-உம் 1/125 நொடியும் பொருந்தும்.

இதே அளவு ஒளியைப் பிற வழிகளிலும் பெறலாம். துளையை ஒரு படி திறந்தால், ஷட்டரை ஒரு படி விரைவாக்க வேண்டும்.

எஃப் 16 – 1/125 நொடி
எஃப் 11 – 1/250 நொடி
எஃப் 8 – 1/500 நொடி
எஃப் 5.6 – 1/1000 நொடி

இந்நான்கும் பிலிமுக்குத் தருவது ஒரே அளவு ஒளிதான். ஆயினும், இவை தரும் படங்கள் ஒன்றுபோல் இரா. பள்ளி விளையாட்டு விழாவில் ஓடும் மாணவியை உறைந்து நிற்பதுபோல் காட்ட 1/500 நொடி உதவும். 1/60 நொடியில் எடுத்தால் அவளுடைய கால்கள் கலங்கித் தெரியும். மேலும், 50 மில்லிமீட்டர் லென்சைக் கையில் பிடித்து எடுக்கும்போது 1/60 நொடியைவிட ஷட்டர் மெதுவானால், கையின் நடுக்கமே படத்தைக் கலங்கச் செய்துவிடும்.

துளையின் அளவு வேறொன்றையும் மாற்றுகிறது. 50 மில்லிமீட்டர் லென்சை 3 மீட்டர் தொலைவில் குவியப்படுத்தி, துளையை எஃப் 16-இல் வைத்தால், ஏறத்தாழ 2 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை உள்ளவை தெளிவாக அமையும். எஃப் 2-இல் வைத்தால், 2.8 மீட்டர் முதல் 3.2 மீட்டர் வரை மட்டுமே தெளிவு கிட்டும். இதனைத் தெளிவெல்லை எனலாம். குடும்பத்தினர் மூன்று வரிசையாக நிற்கும் படத்திற்குச் சிறிய துளை வேண்டும். கூட்டத்தின் நடுவே ஒருவரை மட்டும் தனித்துக் காட்டப் பெரிய துளை வேண்டும்.

ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை விட்டுக்கொடுக்க நேரும். எதைப் பெறுவது, எதை விடுவது என்பதைக் கேமரா சொல்லாது.

ஒளிமானி ஏமாறும் இடம்

பிற்காலக் கேமராக்களில் ஒளிமானி பொருத்தப்பட்டது. காட்சிச் சாளரத்தில் ஒரு முள்ளோ சிறு விளக்கோ ஒளி சரியாக உள்ளதா என்பதைக் காட்டும். இது பெரும் உதவிதான். ஆனால், ஒளிமானிக்கு முகம் எது, சுவர் எது என்று தெரியாது. தன் முன்னுள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறம் உடையது என்றே அது கொள்கிறது; அந்நிறம் வரும் அளவுக்கு ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ சொல்கிறது.

வெள்ளை வேட்டி உடுத்திய தாத்தா ஒருவர், சுண்ணாம்பு அடித்த சுவரின்முன் நிற்கிறார் எனக் கொள்வோம். காட்சியின் பெரும்பகுதி வெண்மை. ஒளிமானி எஃப் 8, 1/250 நொடி என்கிறது. அதன்படி எடுத்தால் சுவர் சாம்பல் நிறமாகும். தாத்தாவின் முகமோ இருளில் மறையும். கருநிற முகம் எனில் இழப்பு இன்னும் மிகுதி. கண்களும் புன்னகையும் படத்தில் பதியாமலே போய்விடும்.

தேர்ந்தவர் இங்கே வேறு வழியை மேற்கொள்வார். தாத்தாவின் அருகே சென்று, சாளரம் நிறைய அவருடைய முகம் மட்டும் தெரியுமாறு வைத்து ஒளியை அளப்பார். இப்போது ஒளிமானி எஃப் 8, 1/60 நொடி என்று காட்டக்கூடும். அதாவது, முன்பைவிட நான்கு மடங்கு ஒளி. அதனை மாற்றாமல் பழைய இடத்திற்குத் திரும்பிப் படமெடுப்பார். சுவர் சற்று வெளிறினாலும் முகம் முழுமையாகப் பதியும்.

கோயிலில் உள்ள கருங்கல் சிலையைப் படமெடுக்கும்போது இதற்கு மாறானது நிகழும். ஒளிமானி ஒளியைக் கூட்டச் சொல்லும். அதன்படி செய்தால் கருங்கல் சாம்பல் நிறக் கல்லாகத் தோன்றும். அங்கே ஒளியை ஒரு படி குறைக்க வேண்டும்.

நெகட்டிவ் பிலிம், ஒளி சற்று மிகுந்தாலும் தாங்கிக்கொள்ளும். ஒளி குறைந்தால் நிழற்பகுதியில் எதுவும் பதிவதில்லை. பதியாததை இருட்டறையில் எவராலும் மீட்க இயலாது. ஆகவே, ஐயம் எழும்போது முகத்தின் பக்கம் சாய்ந்து ஒளியைச் சிறிது கூட்டுவதே நலம்.

கைப்பேசியும் சுவரையும் முகத்தையும் கணித்தே படமெடுக்கிறது. அதன் கணிப்பும் சிலவேளைகளில் தவறும். திரையில் முகத்தின்மீது விரல் வைத்தால் பல கைப்பேசிகளில் ஒளி மாறுவதைக் காணலாம். கேமரா மாறினாலும், படத்தில் எவர் முகம் தெரிய வேண்டும் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு படம் எடுப்பவரிடமே உள்ளது.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில் இந்திய அரசின் நிறுவனமாக இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் நிறுவப்பட்டது. அங்கு உருவான பிலிம்கள் ‘இந்து’ என்னும் பெயரில் விற்பனையாயின. ஆலை அமைந்த பகுதி இன்றும் இந்து நகர் என்றே அழைக்கப்படுகிறது.

சொல் அறிவோம்

ஒளித்துளை – லென்சுக்குள் ஒளி புகும் துளை
ஒளிமானி – ஒளியின் அளவைக் காட்டும் கருவி
தெளிவெல்லை – படத்தில் தெளிவாக அமையும் தொலைவுகளின் எல்லை
இருட்டறை – பிலிமைக் கழுவிப் படமாக்கும் அறை
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஒளித்துளையின் எண் பெருகினால் துளை ________.
2. ரோலிபிளெக்ஸ் கேமராவில் ஒரு சுருளுக்கு ________ படங்கள் எடுக்கலாம்.
3. மனிதரைப் படமெடுக்கும்போது ________ குவியப்படுத்துவது வழக்கம்.

ஆ. பொருத்துக.
1. ஒளித்துளை – குடத்தின் அளவு
2. ஷட்டர் – குழாயின் வாய்
3. ஒளியுணர்திறன் – குழாய் திறந்திருக்கும் நேரம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. செய்தி ஒளிப்படக் கலைஞர்கள் பொத்தானை அழுத்தும் முன்பே அனைத்தையும் முடிவுசெய்ய வேண்டியிருந்தது ஏன்?
2. எஃப் 16, 1/125 நொடியில் கிடைக்கும் ஒளியை 1/500 நொடியில் பெற, துளையை எந்த எண்ணில் வைக்க வேண்டும்?
3. கருங்கல் சிலையைப் படமெடுக்கும்போது ஒளியைக் குறைக்க வேண்டியது ஏன்?

ஈ. விரிவாக விடை எழுதுக.
வெண்பனி மூடிய சிம்லாவில் ஒரு சிறுமியைப் படமெடுக்க வேண்டும். ஒளிமானி காட்டுவதை அப்படியே பின்பற்றினால் என்ன நிகழும்? அதனை எவ்வாறு சரிசெய்யலாம்?

உ. இலக்கணம் அறிவோம்
இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ வெளிப்படையாக வரும்போது, அடுத்து வரும் வல்லினம் மிகும்.
ஒளியை + குறைத்தார் = ஒளியைக் குறைத்தார்
பின்வருவனவற்றைச் சேர்த்து எழுதுக.
1. வளையத்தை + திருப்பினாள்
2. படத்தை + பார்த்தான்
3. சுருளை + கழற்றினர்

ஊ. பிரித்து எழுதுக.
1. இருட்டறை 2. தெளிவெல்லை 3. மூவண்ணம்

எ. செயல்பாடு
வீட்டில் உள்ள பழைய ஒளிப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதில் தெளிவாக உள்ளவர் யார், கலங்கித் தெரிபவர் யார், இருளில் மறைந்திருப்பவர் யார் என்பதை உற்றுநோக்குக. படத்தில் உள்ளவர்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் எழுதுக.