ரயில் பெட்டியின் எழுத்துகளைப் படிப்பது எப்படி?

ரேணிகுண்டா சந்திப்பிலிருந்து அரக்கோணம், கூடூர், கடப்பா, திருப்பதி என நாலு பக்கமும் தடம் பிரிகிறது. நடைமேடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். பயணிகள் பெட்டி, சரக்கு வேகன், எஞ்சின் மூன்றையும் பார்த்துவிடலாம். அவற்றின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கப் பழக இது அருமையான இடம்.

எழுத்தைப் பார்க்கும் முன், அது எதன் மேல் இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சினில் ‘டபிள்யூ’ என்றால் அகலப் பாதை. பெட்டியில் அதே எழுத்து, அடுத்த பெட்டிக்கு நடந்து போக இணைப்பு வழி உண்டு என்று சொல்கிறது. எஞ்சினில் ‘ஜி’ என்றால் சரக்கு; பெட்டியில், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வகை. இங்கே குழம்பினால் மற்றதெல்லாம் தப்பாகிவிடும்.

அடுத்தது எண். பழைய ஐ.சி.எஃப். (பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை) வகைப் பெட்டியில் 94231 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கம் கட்டிய ஆண்டு, 1994. கடைசி மூன்றும் பெட்டியின் வகை: 051 முதல் 100 வரை இரண்டடுக்கு ஏ.சி., 101 முதல் 150 வரை மூன்றடுக்கு ஏ.சி., 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை பொதுப் பெட்டி. ஆகவே இது 1994-இல் பிறந்த ஸ்லீப்பர்.

இனி எழுத்துகள். ‘டபிள்யூ ஜி எஸ் சி என்’ என்பதில் முதல் இரண்டையும் மேலே பார்த்துவிட்டோம். ‘எஸ்’ இரண்டாம் வகுப்பு. ‘சி என்’ மூன்றடுக்குப் படுக்கை. புதிய எல்.எச்.பி. ஸ்லீப்பரில் ‘எல் டபிள்யூ எஸ் சி என்’ என்றிருக்கும். அங்கே ‘ஜி’ இல்லை; மின்சாரம் ஜெனரேட்டர் பெட்டியிலிருந்தோ எஞ்சினிலிருந்தோ வருகிறது. கார்டு ஏறும் ‘எஸ் எல் ஆர்’ பெட்டியில் ‘எல்’ லக்கேஜ், ‘ஆர்’ கார்டின் அறை.

பழைய பதிவேடுகளில் ‘எஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘டி’ இருந்தால் நின்று கவனியுங்கள். அது மூன்றாம் வகுப்பு. 1974-இல் அந்த வகுப்பு ஒழிந்து இரண்டாம் வகுப்பானது. தேதி கிழிந்துபோன ஏட்டுக்குக்கூட இந்த ஓரெழுத்தை வைத்து ஏறக்குறையக் காலம் சொல்லிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த எழுத்து இது.

வேகனில் ‘பி’ போகி, ‘ஓ’ திறந்தது, ‘சி’ மூடியது, ‘டி’ டேங்க், கடைசியில் வரும் ‘என்’ காற்று பிரேக். எண் பதினோரு இலக்கம்: வகைக்கு இரண்டு, சொந்தமான ரயில்வேக்கு இரண்டு, ஆண்டுக்கு இரண்டு, வரிசைக்கு நான்கு, கடைசி ஒன்று சரிபார்க்க. பெயிண்ட் உதிர்ந்து ஓர் இலக்கம் சந்தேகமானால் இந்தக் கடைசி இலக்கம் கைகொடுக்கும். உதாரணத்துக்கு நானே எழுதிய எண் 10069541734. இரட்டை இடத்து இலக்கங்களைக் கூட்டுங்கள்: 0, 6, 5, 1, 3 சேர்ந்து 15. மூன்றால் பெருக்க 45. கடைசியை விட்டுவிட்டு ஒற்றை இடத்தவை 1, 0, 9, 4, 7 சேர்ந்து 21. மொத்தம் 66. அடுத்த பத்தின் மடங்கான 70-ஐ எட்ட 4 வேண்டும். கடைசி இலக்கமும் 4. சரியாகப் படித்திருக்கிறோம்.

பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘பி.ஓ.எச்.’ என்றும் தேதியும் இருக்கும். அது பெரிய பராமரிப்பு முடிந்த நாள். திருப்பதிப் பெட்டிப் பணிமனையில் நடக்கும் வேலை இதுதான்.

படம் எடுப்பதானால் நடைமேடையிலிருந்தே எடுங்கள், தண்டவாளத்தில் இறங்கவே வேண்டாம். பழைய பெட்டிகளைப் படம் எடுப்பதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்: பெரம்பூரில் ஐ.சி.எஃப். வகைப் பெட்டி கட்டுவது 2018-இல் நின்றுவிட்டது. ஓடிக்கொண்டிருப்பவையும் ஒவ்வொன்றாகக் கழிகின்றன. வீட்டில் யாராவது ரயில்வேயில் வேலை பார்த்திருந்தால், அவர்களுடைய பழைய நோட்டுகளைப் பேப்பர்காரரிடம் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.