விசா கடைசிப் படிதான்

"ஜெர்மனி விசா எடுத்துத் தருகிறோம்" என்று போர்டு மாட்டிய கன்சல்டன்சிகளுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் பஞ்சமே இல்லை. ஆனால் 'அவுஸ்பில்டுங்' எனப்படும் தொழிற்பயிற்சிக்குப் போகிறவருக்கு விசா கடைசிப் படி. ஜெர்மன் நிறுவனம் ஒன்று முதலில் உங்களைப் பயிற்சிக்கு எடுத்து ஒப்பந்தம் போட வேண்டும். ஒப்பந்தம் உறுதியாக இருந்தால் விசாவுக்குப் பெரிதாகத் தடை வராது. முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர் பயிற்சியில் இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கும் என் அனுபவத்தில் கண்டது இது.

ஏற்கெனவே ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். உங்கள் படிப்புக்கு அங்கே அங்கீகாரம் வாங்க வேறு வழி இருக்கிறது. மூன்று வருடத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்கிற ஏஜென்டுக்கு உங்கள் எதிர்காலத்தைவிடக் கமிஷன் முக்கியம். நான் ப்ளஸ் டூவோடு வந்தவள், எனக்கு இதுதான் வழி.

இடம் தேட யாருக்கும் லட்சங்களைக் கொட்ட வேண்டியதில்லை. ஜெர்மன் அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் இணையதளத்திலேயே பயிற்சியிடங்கள் இருக்கின்றன. நான் சின்ன ஊர்களாகப் பார்த்து நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினேன். பெரும்பாலும் பதில் வரவில்லை. பதில் வந்த ஓர் இடத்தில் வீடியோ நேர்காணல். "மாத்திரையைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒரு பாட்டியிடம் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் அங்கிருந்த பொறுப்பாளர். பக்கவாதத்தில் படுத்த என் அப்பாயியைப் பார்த்துக்கொண்ட கதையை உடைந்த ஜெர்மனில் சொன்னேன். வற்புறுத்த மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன், அப்புறமும் மறுத்தால் சீனியரிடம் சொல்லி எழுதி வைப்பேன் என்றேன். இலக்கணம் தப்புத் தப்பாக வந்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. விசாவுக்கு எழுதும் ஊக்கக் கடிதத்திலும் இதையே எழுதினேன். "ஜெர்மனியின் உயர்ந்த தரம்" என்று தொடங்கும் ரெடிமேட் கடிதங்களை அதிகாரிகள் தினமும் பார்க்கிறார்கள்.

ஜெர்மன் மொழிக்கு வழக்கமாக பி1 நிலைச் சான்று கேட்பார்கள். செவிலியர் பள்ளிகள் பல பி2 எதிர்பார்க்கும். கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 60 மதிப்பெண் வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம்.

அடுத்தது பணம். பயிற்சிச் சம்பளமே செலவுக்குப் போதுமென்றால், செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டும் முடக்கக் கணக்கு தேவையில்லை. செவிலியர் பயிற்சிக்குப் பொதுத்துறை ஊதிய ஒப்பந்தப்படி முதல் ஆண்டிலேயே மாதம் 1,300 யூரோவுக்கு மேல். ஆனால் 2025-இல் தொடங்கிய பயிற்சிகளுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சம் 682 யூரோதான். அந்த அளவு சம்பளம் தரும் துறைக்குப் போனால் மீதியை நீங்கள் காட்ட வேண்டும், அல்லது நிறுவனம் இலவசத் தங்குமிடம் தருவதாக எழுதித் தர வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. ஒப்பந்தத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் போடச் சொல்லி நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதினேன். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட்டும் சேர்த்தேன். சான்றிதழ்கள் வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் முத்திரை வேண்டும் என்று ஒருவர் தனிக் கட்டணம் கேட்டார். இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்துவிட்டதால், இரு நாடுகளுக்கிடையே அது செல்லாது. அந்தப் பணத்தில் ஒரு குளிர்கோட்டு வாங்கலாம்.

விண்ணப்பம் இப்போது தூதரகச் சேவை இணையதளத்தில். கோப்புகளைப் பதிவேற்றி முதல்கட்டச் சரிபார்ப்பு முடிந்ததும் கைரேகைக்கு அழைப்பார்கள். கட்டணம் 75 யூரோ, ரூபாயில். விசா விண்ணப்ப மையத்தில் காகிதம் வாங்கும் பணியாளர் எதையும் முடிவு செய்பவர் அல்ல. அவரிடம் "கிடைக்குமா மேடம்?" என்று கேட்பதில் பயனில்லை. பொதுவாக ஜெர்மன் அரசு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒப்புதல் சொல்ல வேண்டும், சில சமயம் நீங்கள் போகப்போகும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகமும். தாமதம் பெரும்பாலும் அங்கேதான். பயிற்சி ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குமென்றால் வசந்த காலத்துக்குள் கோப்பு உள்ளே போயிருக்க வேண்டும். நேரம் நெருக்கினால், பயிற்சி தரும் நிறுவனமே உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறைக்கு விண்ணப்பிக்க முடியும். பல சின்ன நிறுவனங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். விசாவை மறுத்துவிட்டால், முன்போல் தூதரகத்துக்கே மேல்முறையீடு எழுதும் வசதி 2025 ஜூலையோடு போய்விட்டது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் ஸ்டிக்கரில் பெயர், எண், தொடங்கும் தேதி மூன்றையும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். போய் இறங்கியதும் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் கட்டாயம். தங்குமிடத்தை உறுதி செய்யும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.