மேனிஃபோல்டு மாற்றினால் பிக்கப் கூடுமா?

கேள்வி: 1970களின் செவர்லே 350 வி8 எஞ்சினில் உள்ள இரும்பு இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பதிலாக அலுமினிய மேனிஃபோல்டு பொருத்தினால், தினசரி ஓட்டத்தில் பிக்கப் கூடுமா?

பதில்: கூடும், எஞ்சின் தினமும் ஓடும் ஆர்பிஎம்முக்கு ஏற்ற மேனிஃபோல்டாக இருந்தால். பிஸ்டன் காற்றை உறிஞ்சும்போது மேனிஃபோல்டின் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை எழுந்து, போய்த் திரும்புகிறது. வால்வு மூடும் முன் அது வந்து சேர்ந்தால் சிலிண்டருக்குள் கூடுதல் காற்று ஏறும். நீளமான குழாயில் இது குறைந்த ஆர்பிஎம்மிலும், குட்டைக் குழாயில் அதிக ஆர்பிஎம்மிலும் நடக்கும். 1960இல் வந்த கிரைஸ்லர் 300எஃப் காரின் குழாய்கள் சுமார் 30 அங்குல நீளம். 2,800 ஆர்பிஎம்மிலேயே உச்ச டார்க். குழாயின் பயன் நீளத்தைப் பாதியாக்கிய பந்தய வகையில் குதிரைத்திறன் 375இலிருந்து 400 ஆனது. உச்ச டார்க்கோ குறைந்ததோடு 3,600 ஆர்பிஎம்முக்கும் தள்ளிப்போனது.

செவர்லே 350க்குக் கிடைப்பவற்றில் எடல்பிராக் பெர்ஃபார்மர் ‘டூயல் பிளேன்’ வகை. கார்புரேட்டரின் ஒவ்வொரு பாதியும் நான்கு சிலிண்டர்களுக்கு ஊட்டும். ஐடிலிங்கிலிருந்து 5,500 ஆர்பிஎம் வரை வேலை செய்யும். அதே நிறுவனத்தின் ‘சிங்கிள் பிளேன்’ விக்டர் ஜூனியருக்கு 3,500 முதல் 8,000 வரை. கடைக்குப் போய்வரும் கார் 3,000ஐத் தாண்டுவதே அபூர்வம். பானெட்டைத் திறந்து காட்டப் பின்னது அழகுதான். சிக்னலில் கிளம்பும்போது மந்தம்.

பழையது டூ-பேரல் கார்புரேட்டருக்கான மேனிஃபோல்டு என்றால், ஃபோர்-பேரலோடு சேர்த்து மாற்றும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஏற்கெனவே குவாட்ராஜெட் என்ற ஃபோர்-பேரல் கார்புரேட்டர் இருந்தால் பெரிதாக மிஞ்சுவது எடைக் குறைவு மட்டுமே.

பொருத்தும் வேலையில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் மேனிஃபோல்டின் வழியாகவே இறங்குவதால், ரோட்டார் நிற்கும் திசையைக் குறித்துவிட்டுத்தான் உருவ வேண்டும். திரும்பப் போட்டதும் டைமிங் லைட்டால் சரிபார்க்க வேண்டும். கூலன்ட்டை முதலிலேயே வடித்துவிட வேண்டும். முன்னும் பின்னும் வரும் கார்க் கேஸ்கெட் நழுவி ஆயில் கசியும் என்பதால், அனுபவமுள்ள மெக்கானிக்குகள் அதை ஒதுக்கிவிட்டு சிலிகான் சீலன்ட்டைத் தடிமனான கோடாக இழுப்பார்கள். 12 போல்ட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் சுமார் 30 பவுண்டு-அடிக்கு முறுக்க வேண்டும். அதன்பின் ஐடிலிங் ஏறி இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். சூடேறாத எஞ்சினில் இணைப்பின் ஓரமாகக் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது பீய்ச்சினால், கசிவுள்ள இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும்.