இலவசம் கட்டுபடியாகுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

நம் கோவையில் வெரைட்டி ஹால் சாலையை அறியாதார் இலர். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய கொட்டகையின் பெயரே அச்சாலைக்கு நிலைத்தது. அவருடைய வணிகம் எளிது: சீட்டு வாங்கியவர் உள்ளே போகலாம். படம் ஓடத் தொடங்கியபின், காலியான பெஞ்சில் இன்னும் பத்துப் பேர் அமர்ந்தாலும் அவருக்குக் கூடுதல் செலவில்லை, வரவுதான். செல்பேசித் திரையில் இக்கணக்கு தலைகீழாகிறது.

2022 ஜூன் மாத ஏலத்தில் வயாகாம்18 நிறுவனம், ஐ.பி.எல். ஆட்டங்களை இந்தியாவில் இணையவழி காட்டும் உரிமையை, 2023 முதல் ஐந்தாண்டுகளுக்கு, 23,758 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஏலத்தில் கணக்கிட்ட ஆட்டங்கள் 410. வகுத்துப் பார்த்தால் ஆட்டம் ஒன்றுக்கு ஏறக்குறைய 58 கோடி! இவ்வளவு கொடுத்து வாங்கியதை 2023இல் ஜியோசினிமா செயலியில் எல்லோருக்கும் இலவசமாகக் காட்டினார்கள். விசைத்தறி ஓட்டும் என் தந்தை அப்போது, "ஏங் கண்ணு, சும்மா காட்டறானே, அவனுக்கு எப்படிக் கட்டுபடியாகுது?" என்று கேட்டார். கூலிக்கு நெய்பவருக்கு முதலில் தோன்றும் கேள்வி அதுதான்.

விளம்பரம் என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். போட்டுப் பார்ப்போமே. ஒரு விளம்பரத்தை ஒருவருக்கு ஒரு முறை காட்டப் பத்துக் காசு கிடைப்பதாகவும், ஒருவர் ஓர் ஆட்டத்தில் 60 விளம்பரம் பார்ப்பதாகவும் கொள்வோம். (இவ்விரண்டும் என் அனுமானம்.) ஒருவரால் வரவு ஆறு ரூபாய். 58 கோடி தேற, ஒன்பதரைக் கோடிக்கும் மேற்பட்டோர் ஆட்டம் முழுவதையும் பார்க்க வேண்டும். 2023 இறுதியாட்டத்தையே ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் உச்சமாக 3.2 கோடிப் பேர்தாம்.

அதோடு முடிந்ததா? தொலைக்காட்சிக் கோபுரம் ஒருமுறை அனுப்புவதை ஊரே வாங்கிக்கொள்ளும். இணையத்திலோ ஒவ்வொரு செல்பேசிக்கும் தனித்தனியே படத்தை அனுப்பியாக வேண்டும். மாரியம்மன் நோன்பியில் ஊர் மைதானத்தில் ஆடும் கூத்தை வீடுவீடாகப் போய் ஆடுவது போன்றது இது. கூட்டம் கூடக்கூடச் செலவும் கூடும்.

ஆனால் அச்செயலியின் பின்னே நின்ற ரிலையன்ஸ் குழுமமே ஜியோ வழியாக டேட்டாவும் விற்கிறது. பொரிகடலைக் கடைக்காரர் கூத்துக்குச் செலவழித்தால் எல்லாமே நட்டம் என்று சொல்ல முடியாது. வேறு தொழில் இல்லாத சிறு நிறுவனம் இதைச் செய்திருந்தால் ஓர் ஆண்டு தாங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

எனினும் இலவசம் நீடிக்கவில்லை. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஜியோஹாட்ஸ்டாராக ஒன்றாயின. செல்பேசிக்கு மூன்று மாதக் கட்டணம் 149 ரூபாய் என்றார்கள். ஒரு கோடிப் பேர் கட்டினாலும் 149 கோடி. மூன்று ஆட்டத்தின் உரிமைத் தொகைக்கே பத்தாது.

எங்கள் தறிக்குடோனில் நான்கு பேர் ஒரே செல்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்ப்பார்கள். நிறுவனத்தின் கணக்கேட்டில் அவர்கள் நால்வரும் ஒருவர்தான்.